மேகமில்லாத படம்

முதல் சொட்டு விழுந்ததும் கண் சுரீரென்று எரிந்தது. அடுத்த கண்ணுக்கு அவள் தயாராக இருந்தாள், அதனாலோ என்னவோ அது அவ்வளவாக எரியவில்லை. கன்னத்தில் வழிந்ததை நர்ஸ் பஞ்சால் ஒற்றிவிட்டு, "கண்ண மூடிட்டே உக்காருங்க மேடம். கண்பாப்பா விரியணும். இன்னும் ரெண்டு தடவ வந்து விடுவேன். போன் பாக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். மங்கையர்க்கரசி தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். ஐம்பத்தேழு வயது. முப்பது வருஷமாகப் பார்ப்பதுதான் வேலை. வானத்தில் எங்கோ சுற்றும் செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திரையில் விரித்து இது வயல், இது தோப்பு, இது ஊர், இது தரிசு என்று பிரிப்பது. பத்து வருஷம் கழித்து எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து எது எதுவாக மாறியிருக்கிறது என்று சொல்வது. அந்தக் கண்களை இப்போது ஒரு நர்ஸ் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மடியில் கைப்பை. கைப்பைக்குள் போன். போனுக்குள் நேற்று ராத்திரியே வந்து கிடக்கும் ஆபீஸ் ஜூனியர் ஜெர்லினின் கேள்வி. மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போது பதினொன்று ஆகியிருக்கும். கண் பரிசோதனையைத் தள்ளிப் போட்டிருக்கலாம். தள்ளிப் போடாமல் இன்றைக்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் கண்தானா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? யாரும் கேட்கப்போவதில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை, ஏஸியின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு இரைச்சலாக.

ஜெர்லின் கேட்டது சின்ன விஷயம். கடற்கரைச் சாலையை ஒட்டிக் கொடுவாவெளி என்று ஓர் இடம். எண்ணூறு ஏக்கர். அங்கே சூரிய மின்தகடுகளைப் பரப்ப ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. கொடுக்கலாமா என்று அரசாங்கத்தில் மங்கையின் நிறுவனத்திடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். நிலம் தரிசு என்றால் அறிக்கை இரண்டு பக்கத்தோடு முடிந்துவிடும். தரிசில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஜெர்லின் ரேடார் படத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ரேடார் மேகத்தைத் துளைத்துக்கொண்டு பார்க்கும். போன நவம்பர், அதற்கு முந்தின நவம்பர், எட்டு நவம்பர்களிலும் கொடுவாவெளி முழுக்கத் தண்ணீர். 'ஆனா மேடம், தொண்ணூத்தி ஏழுல நீங்களே நேர்ல போய்ப் பாத்து உவர் தரிசுன்னு எழுதியிருக்கீங்க. எத வைக்கட்டும்?' எதை வைப்பது என்பதற்கு விதி இருக்கிறது. நிறுவனத்தின் கையேட்டில், படத்துக்கும் நேரில் பார்த்ததற்கும் முரண் வந்தால் நேரில் பார்த்ததே நிற்கும் என்று போட்டிருக்கிறது. அந்த வரியை எழுதியவளும் மங்கைதான். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு கும்பலுக்கும் அதைப் பலகையில் எழுதி இரண்டு முறை கோடு போடுவாள். மேலிருந்து பார்த்தால் முருங்கையும் கருவேலும் ஒரே பச்சைதான், கீழே இறங்கி நின்றவன் சொன்னால்தான் உண்டு என்பாள். சிரிப்பார்கள். கோடு போட்டுக்கொள்வார்கள். ஜெர்லினும் அப்படிப் போட்டுக்கொண்டவள்தான்.

"தொறக்காதீங்கன்னா தொறக்காதீங்க," என்றது வலது பக்கம் ஒரு பெண் குரல்.

"நான் எங்க தொறந்தேன்? அதுவா தொறந்துக்குது," என்றது ஆண் குரல்.

"அதுவா தொறக்குமாம். நாப்பது வருஷமா நான் கதவத் தட்டினா மட்டும் தொறக்காது."

"பிரேமா, ஆஸ்பத்திரி இது. மெதுவாப் பேசு."

"உங்களுக்குக் கண்ணுலதான மருந்து விட்ருக்காங்க, காதுல இல்லயே. மெதுவாப் பேசினாலே கேக்குமே."

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. மூடிய இமைக்குள் சிவப்பாக ஏதோ நகர்ந்தது. குழல்விளக்கின் வெளிச்சமாக இருக்கும். சிவப்பு மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது போலும். அந்த வெளுப்பை அவளுக்குத் தெரியும். வைகாசி வெயிலில் உவர் நிலம் அப்படித்தான் இருக்கும், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலும் உள்ளே குத்தும். தொண்ணூற்று ஏழில் அன்றைக்கு ஜீப்பின் கதவைப் பிடித்தால் கை சுட்டது. டிரைவர் ஏகாம்பரம் இறங்கிப் போய் மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "மேல பொறுக்குத் தட்டியிருக்கு, கீழ சேறு. வண்டி எறங்காதும்மா. ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்," என்றார். அறுபது இடங்கள். ஆராய்ச்சிக்கு அறுபது இடங்களில் போய் நின்று பார்க்க வேண்டும் என்பது கணக்கு. கொடுவாவெளி நாற்பத்து மூன்றாவது. முந்தின நாள் வரை எல்லாவற்றுக்கும் நடந்திருந்தாள். உப்பளத்து வரப்பிலும் முள்காட்டிலும், ஒரு தடவை நாய் துரத்திக்கொண்டு வந்த சவுக்குத் தோப்பிலும். அன்றைக்குக் காலையிலிருந்து அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. மூன்றாவது மாதம். நாள் தள்ளிப் போனது கணவனுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியருக்குச் சொல்லவில்லை. சொன்னால், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா, இப்ப ஃபீல்டுக்கு வேற ஆள அனுப்பறேன்," என்று சொல்லியிருப்பார். அவர் கெட்ட மனிதரில்லை. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். அப்படித்தான் அவளுக்கு முன்னால் இரண்டு பேரிடம் சொன்னார், இரண்டு பேருமே திரும்பி வரவில்லை. ஏகாம்பரத்திடமும் சொல்ல முடியாது. தலை வலிக்கிறது என்றாள். இங்கேயிருந்தே தெரியுதே என்றாள். தெரியத்தான் செய்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு புல் கிடையாது, ஒரு ஆடு கிடையாது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று பார்க்க எதற்கு நடந்து போக வேண்டும்? ஜீப்பின் பானெட்டில் அட்டையை வைத்து எழுதினாள். 43. உவர் தரிசு. நேரில் பார்த்தது. பேனா மை அந்த வெயிலில் எழுதும்போதே காய்ந்தது.

பார்த்தாள்தானே. இதை அவள் எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண்ணால் பார்க்காமல் எழுதவில்லை. ரோட்டில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிக்கொண்ட துணி மாதிரி நின்றுவிடும், ஏனென்றால் அங்கே இன்னொருத்தி இருந்தாள். கொடுவாவெளிப் பக்கமிருந்து ரோட்டுக்கு ஏறி வந்தவள். கறுத்த மெலிந்த பெண், நாற்பது வயதிருக்கலாம், தோளில் பறி என்கிற ஒரு பனையோலைக் கூடை. காலிப் பறி. அதன் விளிம்பில் ஒரே இடத்தில் ஓலை நைந்து, கடிபட்ட மாதிரி இருந்தது. ஆடு கடித்திருக்கும் என்று மங்கை நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் ஜீப்பையும் அவள் கையிலிருந்த அட்டையையும் விரித்து வைத்திருந்த படத்தையும் பார்த்துவிட்டு, "என்னா அளக்க வந்தியா?" என்றாள். சும்மா பார்க்க வந்தேன் என்றாள் மங்கை. "இப்ப வந்தா இன்னாத்தப் பாப்ப? காஞ்சி கெடக்குது. கார்த்திகையில வா," என்றாள். வர்றேம்மா என்று இவளும் சொன்னாள். போகிற இடத்தில் எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. அந்தக் கார்த்திகையில் எழும்பூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். துளசி பிறந்தாள், இரண்டே முக்கால் கிலோ, தலை நிறைய முடி. ஜன்னலுக்கு வெளியே அன்றைக்கும் மழைதான். குழந்தையின் வாயில் பாலை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தப் பறி நினைவுக்கு வந்தது. பிறகு குழந்தை அழுதது. பிறகு ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு எத்தனையோ கார்த்திகை.

பறி எதற்கு என்று தெரிந்தது பதினோரு வருஷம் கழித்து. அது வேறொரு கழிமுகம், வேறொரு வேலை. இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் பெண்கள் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள். கண்ணால் பார்ப்பதே இல்லை. அந்தக் கலங்கலில் பார்க்கவும் முடியாது. விரலால் தடவித் தடவி இறாலைப் பிடித்து, வாயில் கடித்துத் தொங்கவிட்டிருந்த பறிக்குள் போட்டார்கள். வாயில் கடித்து. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். மங்கை கரையில் நின்றுகொண்டிருந்தாள். கூட வந்த அதிகாரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், ஆமாம் ஆமாம் என்றாள். அன்றைக்கே திரும்பி வந்து எழுதியிருக்கலாம், ஓர் இடம் தப்பு என்று. ஓர் இடம்தான். ஆனால் அதற்குள் அது ஓர் இடமாக இல்லை. கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது அப்படித்தான்: தெரிந்த இடம் சிலவற்றைக் காட்டி, இதோ இது வயல், இதோ இது தரிசு, இனி இதைப் போல இருப்பதையெல்லாம் நீயே பிரித்துக்கொள் என்று விட்டுவிட வேண்டும். உவர் தரிசுக்கு அவள் காட்டியது அந்த நாற்பத்து மூன்றாவது இடத்தை. எடுப்பாக, ஒரே சீரான வெள்ளையாக இருந்தது, அதனால். கடற்கரை நெடுக அதைப் போல வெளுத்திருந்த அத்தனை இடத்தையும் அது தரிசு என்று பிரித்துக் கொடுத்தது. பேராசிரியர் முதுகில் தட்டினார். அந்த வரைபடத்தை வைத்து அடுத்த வரைபடம், அதை வைத்து அதற்கு அடுத்தது. படம் எப்போதும் வைகாசிப் படம்தான். மேகமில்லாத படம் வேண்டும் அல்லவா, ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கரையில் மேகமில்லாத நாள் ஏது? ஆக அந்த நிலத்தை யாருமே மழையில் பார்க்கவில்லை. கோடையில் மட்டும் எடுத்த போட்டோவை வைத்து ஒருத்திக்குக் குணம் சொல்லிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷத்தில் இந்தக் கரையில் தரிசு பாதியாகக் குறைந்து பயனுள்ள நிலம் ஆகிவிட்டது என்று மங்கை எழுதிய கட்டுரையைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். வருகிற பங்குனியில் ஓய்வு. விழா மலருக்கு அட்டையில் அந்த வரைபடத்தையே போடப்போகிறார்கள்.

"மேடம், தலைய சாய்ங்க." இரண்டாவது சொட்டு. இப்போது எரியவே இல்லை, குளிர்ந்தது. "இந்தப் பக்கம் சாரு கண்ணத் தொறந்து தொறந்து பாக்கறாரு, அவருக்கு மட்டும் விரியவே இல்ல," என்றாள் நர்ஸ்.

"அவுரு மனசும் அப்படித்தான்ம்மா," என்றாள் பிரேமா.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மங்கை எடுத்து இமையைத் திறந்தாள். திரை ஒரு வெள்ளைச் சதுரம். எழுத்து இருக்கும் இடம் ஈரத்தில் நனைந்த மாதிரி பரவிக் கிடந்தது. தூரத்தில் பிடித்தாள், கிட்டே பிடித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்," என்றாள் பக்கத்துப் பெண். "நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. ஊரார் பேசினதெல்லாம் காதுல விழும், அங்கயே மறந்துடுவோம்."

"மறந்துடுவாளாம். எம்பத்தெட்டுல எங்கம்மா சொன்னது ஒரு வார்த்த விடாம ஞாபகம் இருக்கு."

"அது டியூட்டி நேரத்துல சொன்னதில்ல."

மங்கை விரலை வைத்துப் போனைத் திறந்து அவளிடம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான், எதற்கு நீட்டினோம், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. பிரேமா தொண்டையைச் செருமிக்கொண்டாள். தெளிவான குரல், ஏற்ற இறக்கமில்லாமல், வேறு யாருடைய வார்த்தையோ என்கிற மாதிரி. "'மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். பன்னெண்டே முக்காலுக்கு டைரக்டர் ரூமுக்குப் போகணும். நாப்பத்தி மூணாம் கார்டத் திரும்பவும் பாத்தேன். உங்க கையெழுத்துதான். நேரில் பார்த்ததுன்னு இருக்கு. மத்த கார்டுல எல்லாம் மண்ணு நிறம், எறும்புப் புத்து, பேசினவங்க பேரு எல்லாம் எழுதியிருக்கீங்க. இதுல மட்டும் ஒண்ணும் இல்ல. ஆனாலும் நேரில் பார்த்ததுன்னு இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லலன்னா விதிப்படி தரிசுன்னே வெச்சுடறேன்.' அவ்ளோதான். ஜெர்லின்."

"சரி," என்றாள் மங்கை.

"ஆபீஸ் பொண்ணா? மரியாதையாத்தான் எழுதியிருக்கு. ஆனா நேரில் பார்த்தது, நேரில் பார்த்ததுன்னு ரெண்டு தடவ சொல்லுது பாருங்க. ஒருத்தர் சொன்னதயே திருப்பிச் சொன்னா லைன்ல எதோ மாட்டியிருக்குன்னு அர்த்தம்."

"மணி என்ன ஆச்சு?"

"பன்னெண்டு அஞ்சு."

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையென்றால். ஆக ஒன்றும் செய்ய வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தாலே போதும், பன்னிரண்டே முக்காலுக்கு அது தானாக நடந்துவிடும். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தது, பார்க்க முடியவில்லை என்று நாளைக்குச் சொன்னால் யாரால் மறுக்க முடியும்? மருந்துச் சீட்டே இருக்கிறது. ஜெர்லின் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் அந்த அட்டையைப் பார்த்துவிட்டாள். எறும்புப் புற்று. நாற்பத்து இரண்டில் எறும்புப் புற்று இருந்தது என்று எழுதியிருக்கிறாள் இல்லையா, ஆமாம், செம்மண் புற்று, முழங்கால் உயரம். நாற்பத்து நான்கில் லூர்து என்கிற கிழவர், பனைமரம் ஏறி விழுந்த கதை சொன்னார், கால் வளைந்திருந்தது. நடுவில் வெள்ளை. அந்த அட்டையை யார் எடுத்துப் பார்த்தாலும் தெரிந்திருக்கும். இருபத்தெட்டு வருஷமாக யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு ஜெர்லின் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு விரலை அங்கே வைத்துக் காட்டுகிறாள், குற்றம் சொல்லாமல். நாகர்கோவில்காரி, எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள். இதை மட்டும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் நீ என்று விட்டிருக்கிறாள். சரி, சொன்னால்? ஓர் இடம் தப்பு என்றால் அதைக் காட்டிப் பிரித்ததெல்லாம் தப்பு. அந்தக் கட்டுரை தப்பு. பாதியாகக் குறைந்த தரிசு தரிசே இல்லை. அங்கேயெல்லாம் யாரோ குனிந்து நின்றிருக்கிறார்கள், வாயில் பறியோடு, படம் எடுக்க முடியாத மாதங்களில். அங்கே இப்போது இறால் பண்ணை இருக்கிறது, சரக்குக் கிடங்கு இருக்கிறது. அதைத் திருப்ப முடியாது. எண்ணூறு ஏக்கர் மட்டும் இன்னும் இருக்கிறது. அட்டைப்படம் போகும். போகட்டும் என்று நினைத்துப் பார்த்தாள், மனசு போகட்டும் என்று சொல்லவில்லை. அதுவும் உண்மைதான். துளசியிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வாள்? என்னைச் சாக்கு வெச்சுக்காதம்மா என்பாள். இல்லை, நான் உன்னைக் காப்பாற்றினேன் என்று மங்கை சொல்ல முடியும், அதிலும் பொய் இல்லை. வயிறு பிடித்துக்கொண்டிருந்தது, நடக்காமல் இருந்தது சரி. இப்போது அந்த இடத்தில் திரும்ப நிறுத்தினாலும் நடக்கமாட்டாள். நடக்காததில் தப்பில்லை. இதை ஏன் இத்தனை வருஷமாக ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்? நடக்கவில்லை என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அறுபதுக்குப் பதில் ஐம்பத்தொன்பது இடம் என்று போட்டிருந்தால், பேராசிரியர் ஏன் ஒன்று குறைகிறது என்று கேட்டிருப்பார், தலை வலித்தது சார் என்று சொல்லியிருக்கலாம், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டிருப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து எழுதினாள். இவ்வளவு சின்ன பயம். அதை இவ்வளவு காலமாகப் பெரிய காரணத்தில் சுற்றி வைத்திருந்திருக்கிறாள், குழந்தைத் துணியில் சுற்றின மாதிரி.

மழை சத்தம் கூடியது. இந்நேரம் அங்கேயும் பெய்யும். உப்புப் பொறுக்கு ஊறிக் கரைந்து, முதலில் சேறு, பிறகு ஒரு விரற்கடைத் தண்ணீர். கடலோடு சேரும் வாய் திறந்துகொண்டதும் இறால் குஞ்சு உள்ளே வரும், பின்னாலேயே கொடுவா வரும். கொடுவாவெளி. பெயரிலேயே மீன் இருந்தது. அந்தப் பெயரை அவளே தன் கையால் எழுதி, பக்கத்தில் தரிசு என்றும் எழுதினாள்.

"மேடம், கடைசித் தடவ." மூன்றாவது சொட்டு. "இன்னும் பத்து நிமிஷத்துல டாக்டர் கூப்பிடுவாங்க."

"கோதண்டம் யாரு? உள்ள வாங்க," என்று இன்னொரு குரல் கேட்டது.

"எழுந்திரிங்க. கையப் புடிச்சுக்குங்க. படி இருக்கு," என்றாள் பிரேமா.

"ஒரு நிமிஷம்," என்றாள் மங்கை. தன் குரல் தனக்கே அதிகமாகக் கேட்டது. "ஒரு பதில் அனுப்பணும். நான் சொல்லச் சொல்ல அடிச்சுத் தர்றீங்களா?"

"அவரு போவாரு. ஏங்க, நீங்க அந்தத் தம்பியப் புடிச்சுக்கிட்டுப் போங்க, பின்னாடியே வர்றேன். கண்ணத் தொறக்காதீங்க!" நாற்காலி நகர்ந்தது. "ம், சொல்லுங்க மேடம்."

"நாற்பத்து மூன்றை நான் நேரில் பார்க்கவில்லை."

டக் டக் என்று விரல் சத்தம். "பார்க்கவில்லை. ம்."

"ரோட்டில் நின்று எழுதினேன். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில்."

"ம்."

"அங்கே தண்ணீர் நிற்கும் என்று ஒரு பெண் சொன்னாள். அதையும் நான் எழுதவில்லை." அந்தப் பெண் தண்ணீர் என்று சொல்லவில்லை. கார்த்திகையில் வா என்றாள். மறுபடியும் ஒன்றைச் சேர்த்து எழுதப் போகிறோமா? "இல்ல, அத அழிச்சுடுங்க. இப்படிப் போடுங்க. கார்த்திகையில் வரச் சொல்லி அங்கே ஒரு பெண் சொன்னாள். நான் போகவில்லை."

"போகவில்லை," என்றாள் பிரேமா. "வேற?"

"ரேடார் படத்தை வை. இதை அப்படியே டைரக்டரிடம் காட்டு. கீழே என் பேர் போடுங்க. மங்கையர்க்கரசி. முழுசா."

"ஒரு தடவ படிச்சுக் காட்டறேன், கேட்டுக்குங்க." படித்தாள். எக்ஸ்சேஞ்சுக் குரலில்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அனுப்பிடவா?"

பன்னிரண்டரை ஆகியிருக்கும். மங்கை நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். ரெக்சின் ஓரிடத்தில் கிழிந்திருந்தது, உள்ளே பஞ்சு. விரலை அங்கே வைத்து அழுத்திக்கொண்டாள். "அனுப்புங்க."

"போயிடுச்சு." பிரேமா போனை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "நான் மறந்துட்டேன் மேடம். வர்றேன். அந்த மனுஷன் உள்ள போய் டாக்டர்கிட்டயும் சண்ட போட்டுட்டு இருப்பாரு." செருப்புச் சத்தம் போய்விட்டது.

சிறிது நேரத்தில் போன் கைக்குள் அதிர்ந்தது. ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. மங்கை கண்ணைத் திறந்தாள். கூடம் முழுக்க வெள்ளை. சுவர் எது, ஜன்னல் எது, உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே என்று தெரியாத, விளிம்பில்லாத வெள்ளை. திரையும் அதே வெள்ளை. ஜெர்லின் என்ன எழுதியிருக்கிறாள் என்று படித்துச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. கண் தெளியச் சாயங்காலம் வரை ஆகும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து யாரோ வந்து அவள் முழங்கையைப் பிடித்தார்கள்.

"வாங்க மேடம், டாக்டர் கூப்பிடறாங்க. பயப்படாம நடங்க, கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் இப்படித்தான் தெரியும்."

எழுந்தாள். நாலடி நடந்ததும் நின்றாள். "சிஸ்டர், கார்த்திகை எப்பப் பொறக்குது?"

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு மேடம். ஏன், வீட்ல யாராவது மாலை போடறாங்களா?"

"இல்ல," என்றாள் மங்கை. "ஒருத்தங்க வரச் சொல்லியிருந்தாங்க."